வடக்கே செய்த தராசு டெல்டாவில் எடை குறைத்துக் காட்டுமா?

ஜனவரி 27, காலை 7.15 (கேள்வி)

திருவாரூர் பக்கம் சம்பா அறுப்பு. வீட்டுக் களத்தில் கொக்கியில் மாட்டுற டிஜிட்டல் தராசில் சாக்கோட சேர்த்து 40 கிலோ 580 கிராம் கட்டி எடுத்துட்டுப் போனா, கொள்முதல் நிலையத்து மேடைத் தராசு 40 கிலோ 400 காட்டுது. ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனை சிப்பமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பி.எஸ்சி. படிச்ச பையன் ஒருத்தன், "தராசு வடக்கே செஞ்சது, பூமத்திய ரேகை பக்கம் ஈர்ப்பு கம்மி, அதான் இங்க குறையுது"ங்கிறான். இது நிஜமா? நிஜம்னா சிப்பத்துக்கு எத்தனை கிராம் வரும் அண்ணே?

ஜனவரி 27, காலை 9.40

பையன் சொல்வதில் பாதி சரி. பாராட்ட வேண்டிய பாதி.

ஈர்ப்பு முடுக்கம் (இனி ஜி என்கிறேன்) பூமத்திய ரேகையில் 9.780, துருவத்தில் 9.832 மீட்டர்/விநாடி². நம் டெல்டா ஏறத்தாழ 11 பாகை வடக்கில், கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே 9.782. டெல்லியில் 9.791 அளவில். வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒன்பது பங்கு. டெல்லியில் சரிசெய்த தராசைத் தொடாமல் அப்படியே திருவாரூரில் இறக்கினால் 40 கிலோவை 39 கிலோ 960 என்று காட்டும். சிப்பத்துக்குச் சுமார் 40 கிராம்.

பாடப்புத்தகத்து 9.80665-க்கு ஏற்றபடி சரிசெய்த தராசு என்றால் 100 கிராம் குறையும். அதையே எடுத்துக்கொண்டாலும் உங்கள் 180 கிராம் வரவில்லை.

இதெல்லாம் "தொடாமல் இறக்கினால்" மட்டும். மேடையில் முத்திரைக் கல்லை (முத்திரையிட்ட எடைக்கல்) வைத்து 20 கிலோவுக்கு 20 கிலோ காட்டும்படி இங்கேயே ஸ்பான் (அழுத்தத்தைக் கிலோவாக மாற்றும் விகிதம்) சரிசெய்துவிட்டால் வடக்கு தெற்கு வித்தியாசம் அந்த நிமிடமே போய்விடும். முத்திரையிடும்போது வைப்பது அந்தக் கல்தான்.

ஜனவரி 27, பகல் 1.05

மேலே அவசரத்தில் விட்டது. மேடைத் தராசு உங்கள் நெல்லின் நிறையை அளப்பதே கிடையாது. நெல் மேடையை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து, அந்த விசையைக் கிலோவாக மாற்றி எழுதுகிறது. 40 கிலோ நிறை இங்கே 391 நியூட்டன் விசையோடு அழுத்தும். திரையில் 391 வராது, 40.00 வரும். நடுவில் நடக்கும் வகுத்தலில் ஒரு ஜி ஒளிந்திருக்கிறது. எந்த ஊர் ஜி என்பதுதான் பையனின் கேள்வி.

பழைய இருதட்டுத் தராசில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் நெல். இரண்டையும் ஒரே பூமி ஒரே இடத்தில் இழுக்கிறது. ஜி இரு பக்கமும் அடிபட்டுப் போகும். நிலாவுக்குக் கொண்டுபோனாலும் முள் நடுவில் நிற்கும். அதே 40 கிலோவை அங்கே வில் தராசில் தொங்கவிட்டால் 6 கிலோ 600. இருதட்டில் பிழைக்கே இடமில்லை.

ஜனவரி 27, இரவு 8.30

"பௌர்ணமி அன்று எடை போட்டால் நிலா மேலே இழுத்துக் குறையுமா?" என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

குறையும், நிலா தலைக்கு நேரே இருக்கும்போது. ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு. 40 கிலோவில் 4 மில்லிகிராம் சொச்சம். ஒரு நெல்மணி 20, 25 மில்லிகிராம் இருக்கும். ஆக, மூட்டைக்கு ஒரு நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு. பௌர்ணமிதான் என்றும் இல்லை. அமாவாசை நிலாவும் அதே இழுப்புதான் இழுக்கும்.

ஜனவரி 28, காலை 6.50

ஈரத்தைப் பேசாமல் எடையைப் பேசக்கூடாது. உங்கள் பணம் பெரும்பாலும் போகிற வழி அது.

கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 சதம். 17 சத ஈரத்தில் 40 கிலோ நெல் என்றால் தண்ணீர் 6.8 கிலோ, காய்ந்த பொருள் 33.2 கிலோ. வெயிலில் கிடந்து 16 சதத்துக்கு வந்தால் காய்ந்த பொருள் மாறாது, 33.2-ஐ 0.84-ஆல் வகுத்தால் 39 கிலோ 524. ஒரு சதம் இறங்கியதற்கு 476 கிராம் போச்சு. 40-இல் ஒரு சதம் 400 கிராம்தானே என்று கழிப்பவர்கள் அதிகம், தப்பு. தண்ணீர் குறையும்போது மொத்தமும் சேர்ந்து குறைகிறது, சதவீதம் அந்தப் புது மொத்தத்தின் மேல்தான். 20-இலிருந்து 17-க்கு இறக்கினால் 1 கிலோ 200 அல்ல, 1 கிலோ 446.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். டெல்லிக்கும் திருவாரூருக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசம் முழுவதும் சேர்ந்து 40 கிராம். ஈரம் 0.1 சதம் மாறினால் 48 கிராம். நிலையத்து வாசலில் முறைக்காக நாலு நாள் தார்ப்பாய்க்குக் கீழே காத்துக் கிடக்கும் சிப்பத்துக்கு நியூட்டனைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

சாக்கும் அப்படித்தான். புதுச் சணல் சாக்குக்கு 580 கிராம் கணக்கு. பனியில் நனைந்த சாக்கு அந்த 580-இல் நிற்காது. கட்டும்போது நனைந்த சாக்கு, எடை போடும்போது காய்ந்த சாக்கு என்றால் வித்தியாசம் நெல் கணக்கில்தான் விழும்.

ஜனவரி 28, பகல் 12.20

ஊட்டி பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தவறு. பொதுவிலேயே திருத்துகிறேன்.

உயரே போகப் போக ஜி குறையும், கிலோமீட்டருக்கு 0.003. ஊட்டி 2,240 மீட்டர், ஆகவே 0.007 குறையும், 40 கிலோவுக்கு 28 கிராம் என்று சொல்லியிருந்தேன். அது பலூனில் தொங்கினால். ஊட்டியில் நிற்கும்போது காலுக்குக் கீழே இரண்டு கிலோமீட்டர் பாறை இருக்கிறது, அதுவும் இழுக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடும். 20 கிராமுக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமான உச்சியில் என்ன ஆகும் என்றும் அவரே கேட்டார். சுமார் 66 மீட்டர். 40 கிலோவில் ஒரு கிராமுக்கும் கீழே. எந்த மேடைத் தராசும் காட்டாது.

ஜனவரி 28, இரவு 9.10

பூமி சுற்றாமல் நின்றுவிட்டால் சிப்பம் எவ்வளவு கனக்கும் என்று கணக்குப் போட்டேன். சுழற்சி மட்டும் நம் அட்சரேகையில் ஜி-யில் 0.033-ஐக் குறைக்கிறது. 40 கிலோவுக்கு 134 கிராம். வடக்கே போகப் போக ஜி கூடுவதில் பெரும்பங்கு இந்தச் சுழற்சிதான், மீதி பூமியின் வயிறு புடைத்த வடிவம்.

ஜனவரி 29, காலை 10.00

"இருதட்டில் பிழைக்கே இடமில்லை" என்று 27-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். காற்றை மறந்துவிட்டேன்.

நெல்மணியின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம், சுமார் 1.2. 40 கிலோ நெல் 33 லிட்டர் காற்றை விலக்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் லிட்டர் காற்று 1.17 கிராம். தண்ணீரில் மூழ்கிய குடம் லேசாவது போல, காற்றில் மூழ்கிய நெல்லும் 39 கிராம் லேசாகிறது. மறு தட்டில் 40 கிலோ இரும்புக் கல் விலக்குவது 5 லிட்டர்தான், 6 கிராம். ஆக இருதட்டிலும் நெல் தன் நிறையைவிட 33 கிராம் குறைவாகத்தான் நிற்கும்.

சிப்பம் 70 லிட்டர் இருக்கிறதே, 33 ஏன் என்று கேட்பீர்கள். மணிகளுக்கு இடையில் இருப்பது வெளிக்காற்றோடு கலந்த காற்று. அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்.

வாங்குபவர் விற்பவர் இருவருக்கும், எல்லாத் தராசிலும், இந்த 33 கிராம் ஒரே மாதிரி விழுவதால் வியாபாரத்தில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் "பிழைக்கே இடமில்லை" என்று நான் எழுதியிருக்கக்கூடாது. டெல்லி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட சமமான ஒன்றை விட்டுவிட்டேன்.

ஜனவரி 29, மாலை 5.45

மேடைத் தராசின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஏன் கெடுகிறது என்பதும் தெரியும்.

தட்டுக்குக் கீழே அலுமினியக் கட்டி ஒன்று, அதுதான் லோட் செல். அதன் மேல் நாலு ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டியிருக்கும். சுமை ஏறினால் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் வளையும், கேஜின் மின்தடை மாறும். 200 கிலோ செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமைக்கு வருவது 10 மில்லிவோல்ட். கிலோவுக்கு 50 மைக்ரோவோல்ட். திரையில் கடைசி இலக்கம் 20 கிராம் நகர்வது ஒரே ஒரு மைக்ரோவோல்ட். எலி கடித்த ஒயரும், பனி இறங்கிய இணைப்புப் பெட்டியும், இறங்கிப்போன பேட்டரியும் எவ்வளவு சுலபமாக ஒரு மைக்ரோவோல்ட்டைக் கலைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமைதூக்கும் தோழர்கள் சிப்பத்தைத் தோளிலிருந்து மேடையில் போடுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 2 சென்டிமீட்டரில் நின்றால், நிற்கும் நேரத்தில் சராசரி விசை எடையைப்போல் 16 மடங்கு. 640 கிலோ சுமை ஏறியதற்குச் சமம். சாக்கு அமுங்கி 5 சென்டிமீட்டரில் நின்றாலும் 7 மடங்கு, 280 கிலோ. 200 கிலோ செல் எத்தனை நாள் தாங்கும்? ஒருமுறை கட்டி நிரந்தரமாக வளைந்தால் சுழி, அதாவது காலி மேடை காட்டும் பூஜ்யம், நகரும். மறுபடி சுழி வைத்துவிடுவார்கள், ஆனால் வளைவின் கணக்கு பழையபடி இருக்காது. இறக்கி வையுங்கள், போடாதீர்கள். முதுகுக்கும் நல்லது.

ஜனவரி 30, காலை 8.00

கேட்டவருக்கு. யூகம் போதும், அளந்து பாருங்கள். முத்திரையிட்ட 20 கிலோ இரும்புக் கல் இரண்டு வேண்டும். இரவல் வாங்குங்கள், துருவையும் மண்ணையும் துடைத்துவிட்டு வையுங்கள்.

தராசைப் போட்டு கால் மணி நேரம் விடுங்கள், சூடேறட்டும். மேடை ஓரத்தில் நீர்மட்டக் குமிழி இருக்கும், அது வட்டத்துக்குள் நிற்கிறதா பாருங்கள். தட்டைத் தூக்கிக் கீழே பாருங்கள். நெல்லும் உமியும் சேர்ந்து இறுகியிருந்தால் தட்டு அதன் மேல் உட்கார்ந்து, சுமையில் ஒரு பங்கு செல்லுக்குப் போகாமல் நேரே தரைக்குப் போய்விடும். பக்கத்து அடுக்கில் சிப்பம் உரசினாலும் இதே கதை. பிறகு சுழி வைத்து, நடுவில் ஒரு கல், அப்புறம் இரண்டு கல். எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கல்லை நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள்.

அதே இரண்டு கல்லை உங்கள் கொக்கித் தராசிலும், நீங்கள் நெல் கட்டும் அதே கயிற்றோடு, மாட்டிப் பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

20-க்கும் 40-க்கும் பிழை ஒரே அளவாக இருந்தால் சுழியில் கோளாறு. 40-க்குப் பிழை இரட்டித்தால் ஸ்பானில் கோளாறு. ஈர்ப்பு வித்தியாசம் இரண்டாவது வகையாக மட்டுமே தெரியும், முதல் வகையாக ஒருநாளும் தெரியாது. பையன் சொன்னதைப் பரிசோதிக்க வழி இதுதான்.

ஜனவரி 30, இரவு 7.30

"நிறையும் எடையும் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துப் பேசுவது எதற்கு?" இந்தக் கேள்விக்கு ஆழித்தேர் பதில் சொல்லும்.

திருவாரூர் தேர் 96 அடி, 300 டன் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எடை கீழ்நோக்கித்தான். வடம் பிடிப்பவர்கள் தேரைத் தூக்குவதில்லை. உராய்வையும் நிறையையும் எதிர்த்து இழுக்கிறார்கள். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகரும் தேரை அரை மீட்டருக்குள் நிறுத்த 75,000 நியூட்டன் வேண்டும், ஏழரை டன் சுமைக்கு மேல். திருச்சி பெல் ஆலையின் ஹைட்ராலிக் பிரேக்கும், சக்கரத்துக்கு முன்னால் செருகும் முட்டுக்கட்டையும் சமாளிப்பது இந்த விசையை. இந்தக் கணக்கில் ஜி எங்கும் வரவில்லை, நிறை மட்டும்தான்.

அதே தேரை நிலாவில் ஓட்டினால் எடை ஆறில் ஒன்று, 50 டன் போலத்தான் தரையை அழுத்தும். நிறுத்த வேண்டிய விசை அதே 75,000. ஆனால் முட்டுக்கட்டை பிடிப்பது உராய்வால், உராய்வு வருவது எடையால். இங்கே தேர் எடையில் நாற்பதில் ஒரு பங்கு உராய்வு இருந்தால் போதும். நிலாவில் ஏழில் ஒரு பங்கு வேண்டும். லேசான தேரை நிறுத்துவதுதான் கஷ்டம். நிறை வேறு, எடை வேறு என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜனவரி 31, காலை 11.25

பையனுக்காக ஒரு குறிப்பு. அவன் யோசித்த பாதையில் 1672-இல் ஒருவர் நடந்திருக்கிறார். பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன ழான் ரிஷே, தன் ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். கயேன் 5 பாகை வடக்கு, நம்மைப் போலவே ரேகைக்குப் பக்கம். பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்ற நியூட்டனின் வாதத்துக்கு அது சான்றானது.

வீட்டிலேயே நம் ஊர் ஜி-யை அளக்கலாம். மெல்லிய செம்புக் கம்பி, கனமான இரும்புக் குண்டு. மீன்நரம்பு வேண்டாம், இழுபடும். கொத்தனார் தூக்குக்குண்டும் சரிதான், ஆனால் கூம்பு வடிவில் அதன் நிறைமையம் எங்கே என்று தெரியாது. அதற்கு வழி: ஒரு மீட்டர் நீளத்தில் ஒருமுறை, கால் மீட்டர் நீளத்தில் ஒருமுறை அளந்து, இரண்டையும் கழிப்பது. மையம் எங்கே இருந்தாலும் கழித்தலில் போய்விடும். 39.48-ஐ நீள வித்தியாசத்தால் பெருக்கி, அலைவுகால வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் ஜி.

ஒரு மீட்டருக்கு 50 அலைவு 100.4 விநாடி வரும். 9.807 ஆக இருந்தால் 100.3. கை விரல் பிழையே அதைவிட அதிகம் என்பதால் 500 அலைவு எண்ணுங்கள். வித்தியாசம் ஒன்றே கால் விநாடியாக விரியும். அகலமாக ஆட்டக்கூடாது. 10 பாகை ஆட்டினால் அதுவே ஜி-யை 0.4 சதம் குறைத்துக் காட்டும், நாம் தேடும் வித்தியாசத்தையே விழுங்கிவிடும். 3 பாகைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஜி-யில் 0.01-க்கு மேல் தப்பும்.

பிப்ரவரி 1, மாலை 6.10 (கேட்டவர்)

கல்லு வச்சுப் பார்த்தாச்சு அண்ணே. நிலையத்து மேடையில் 20-க்கு 19.98, 40-க்கு 39.96. மூலையிலயும் 19.98தான். தட்டுக்கு அடியில் சுத்தமா இருக்கு. குமிழி வட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நிக்குது. வீட்டுக் கொக்கியில் கயித்தோட 20-க்கு 20.14, 40-க்கு 40.14.

பிப்ரவரி 1, இரவு 8.55

இப்போது கணக்கு தீர்ந்துவிட்டது. முதலில் உங்கள் வீட்டுத் தராசு. 20-க்கும் 40-க்கும் அதே 140 கிராம். ஈர்ப்பால் இப்படி வராது. தராசைப் போட்டதும் அது சுழிக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு கயிற்றை மாட்டுகிறீர்கள். அந்த 140 கிராம் கயிறு. கயிற்றை மட்டும் தொங்கவிட்டுப் பாருங்கள், 0.14 காட்டும். இனி கயிறு தொங்கும்போது சுழி பொத்தானை அழுத்திவிட்டு அப்புறம் சிப்பத்தை மாட்டுங்கள். இதுவரை 40.58 என்று கட்டியதெல்லாம் உண்மையில் 40.44.

அந்த 40.44-ஐ நிலையத்து மேடை 40.40 என்கிறது. மிச்சம் 40 கிராம், அது மேடையின் பிழை, இரண்டு கல்லுக்கு இரட்டிப்பதால் ஸ்பான் வகை. பையன் சொன்னபடி போட்ட டெல்லிக் கணக்கும் கிட்டத்தட்ட இதே அளவு. ஆனால் மேடை இரண்டரை பாகை சாய்ந்திருந்தாலும் இதே 40 கிராம்தான் குறையும், ஏனென்றால் சாய்ந்த தட்டில் எடையின் ஒரு கூறு மட்டும்தான் செல்லை நேராக அழுத்தும். ஐந்து பாகை என்றால் 150 கிராம். சாய்வு எடையைக் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. குமிழி ஒதுங்கி நிற்கிறது என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். நாலு காலும் திருகுகால்தான். களத்து மண் இறங்கிய பக்கத்துக் காலை ஏற்றி, குமிழியை நடுவில் நிறுத்தி, தாழ்நட்டை இறுக்கச் சொல்லுங்கள். மேடைக்குக் கீழே மண்ணுக்குப் பதில் பலகையோ கடப்பைக் கல்லோ போடச் சொல்லுங்கள். பிறகு சுழி வைத்து மறுபடி இரண்டு கல்.

அதற்கும் 39.96 வந்தால் பையன் பக்கம் சாயலாம். அப்போதும் தராசைத் திறந்து ஸ்பானைத் தொடக்கூடாது, முத்திரை உடைந்தால் தராசே செல்லாது. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். 20 கிராம் இலக்கத் தராசுக்கு 40 கிலோவில் முத்திரையிடும்போது அனுமதி 20 கிராம், புழக்கத்தில் 40 கிராம். உங்கள் மேடை அந்த எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. நூறு சிப்பம் போடுபவருக்கு நாலு கிலோ நெல். கேட்டு வாங்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 2, பகல் 2.30 (கேட்டவர்)

கயிறு 0.14 அண்ணே. மேடைக் காலை ஏத்தி வச்சோம். இப்ப ரெண்டு கல்லுக்கு 40.00.